பேட் தனியா கிடைக்குமா? விலை உயர்ந்த ஹெட்ஃபோனை வாங்குவதும் பழுது பார்ப்பதும்

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒலியைப் பற்றியதல்ல. "இதுக்கு பேட் தனியா கிடைக்குமா? கேபிள்? ஹெட்பேண்ட்?" பேட் என்பது காதைச் சுற்றி உட்காரும் மெத்தை, ஹெட்பேண்ட் தலைக்கு மேல் போகும் பட்டை. இந்த மூன்றுக்கும் விலையோடு பதில் வந்தால் மேலே பேசலாம். "அதெல்லாம் வாரன்டியில பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், வாரன்டி முடிகிற நாள்தான் அந்தப் பொருளின் ஆயுள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விலைக்கு மேல் போனால் எல்லா ஹெட்ஃபோனும் நன்றாகத்தான் பாடும். எது யாருக்குப் பிடிக்கும் என்பது அவரவர் காது. ஆனால் வியர்வையும் தலை எண்ணெயும் முறுக்கிக்கொண்ட கேபிளும் பிராண்ட் பார்ப்பதில்லை. ஹெட்ஃபோனில் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர் பழுதாவது அபூர்வம். அதைச் சுற்றியிருக்கும் பஞ்சு, கம்பி, பிளாஸ்டிக் ஆகியவைதான் முதலில் போகும். அவற்றை மாற்ற முடிந்தால் 20 வருடம் ஓடும். முடியாவிட்டால் நல்ல டிரைவரோடு சேர்த்தே குப்பைக்குப் போகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுவது சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. 2003-இல் வந்த எச்டி 650, மாஸ்டிராப் என்ற இணைய விற்பனைத் தளம் 2016-இல் கொண்டுவந்த எச்டி 6எக்ஸ்எக்ஸ் இரண்டும் இதே எலும்புக்கூட்டில் கட்டியவை. பேட், கேபிள், ஹெட்பேண்ட் பஞ்சு, வெளிப்பக்க வலை, டிரைவர் என்று எல்லாம் தனித்தனி உதிரிபாகம். கழற்றுவதற்குப் பெரும்பாலும் விரல் போதும். சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு 2022-இல் சுவிட்சர்லாந்தின் சொனோவா நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகும் இந்த வரிசை நிற்கவில்லை. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி எச்டி 600-ஐ மேஜையில் வைத்துக்கொண்டு பேசுவதுதான். மற்றவற்றுக்கும் தர்க்கம் இதேதான்.

வாங்கும்போது எல்லாரும் குழம்புகிற இடம் ஆம்ப், அதாவது ஹெட்ஃபோனை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர். எச்டி 600-இன் மின்தடை 300 ஓம், 1 மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 97 டெசிபல். இந்த இரண்டு எண்களும் இருந்தால் கணக்கு நாமே போடலாம். பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 13 டெசிபல் கூடுதலாகத் தேவை. அதாவது 20 மில்லிவாட். 300 ஓமில் 20 மில்லிவாட் வர சுமார் 2.45 வோல்ட் வேண்டும், மின்னோட்டமோ 8 மில்லிஆம்பியர்தான். ஆக இந்த ஹெட்ஃபோன் கேட்பது வோல்ட்டேஜ். 1 வோல்ட் தருகிற சின்ன யுஎஸ்பி-சி டாங்கிளில் (போனில் செருகும் ஹெட்ஃபோன் அடாப்டர்) செருகினால் உச்சம் 102 டெசிபலில் நின்றுவிடும். இன்றைய சினிமாப் பாட்டு உரக்கப் பதிவானது என்பதால் இதுவே பலருக்குப் போதும். பழைய கச்சேரிப் பதிவுகளில் அளவு தாழ்வாக இருக்கும். அங்கேதான் வால்யூமை முழுக்கத் திருகிவிட்டு "இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்குமே" என்று தோன்றும். 2.5 முதல் 4 வோல்ட் வரை தரும் எளிய ஆம்ப் ஒன்று இதைத் தீர்த்துவிடும். அதற்கு மேல் ஆம்பில் கொட்டுகிற பணத்தை இரண்டு ஜோடி பேடுக்கு எடுத்து வையுங்கள் என்பது என் கட்சி.

எதிர்முனைக்கு ஒரு உதாரணம் ஹைஃபைமேன் எச்இ-6. 50 ஓம், வெறும் 83.5 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு ஏறத்தாழ 450 மில்லிவாட் தேவை, சுமார் 95 மில்லிஆம்பியர் மின்னோட்டம். டாங்கிள் இங்கே திணறிவிடும். "ஓம் குறைவு, அதனால் போனிலேயே ஓடும்" என்று சொல்பவரிடம் டெசிபல் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆம்பின் வெளியீட்டுத் தடையையும், அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் மின்தடையையும், ஒரு பார்வை பாருங்கள். எச்டி 600-இன் தடை எல்லா அலைவரிசையிலும் 300 ஓமாக இருப்பதில்லை. கீழ்ச்சுருதிப் (பேஸ்) பகுதியில் 500 ஓமைத் தொடும். 120 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள பழைய ஆம்பில் செருகினால் அந்த இடம் மட்டும் மற்றதைவிட ஏறத்தாழ 1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். சிலருக்கு அந்தக் கதகதப்பு பிடிக்கும். அது ஆம்பின் மகிமை என்று நினைத்துவிடாதீர்கள், ஓம் விதிதான்.

இனி பழுதுகள். எது அடிக்கடி வருமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் பேட். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் போட்டால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் பஞ்சு அமுங்கிவிடும். நாள்பட நடப்பதால் தெரியாது. பஞ்சு அமுங்கினால் டிரைவர் காதுக்கு அருகே வந்துவிடுகிறது, விளிம்பும் கன்னத்தோடு சரியாக ஒட்டுவதில்லை. மேல்சுருதி (டிரெபிள்), கீழ்ச்சுருதி இரண்டின் அளவுமே மாறும். "முன்ன மாதிரி இல்ல, டிரைவர் வீக் ஆயிடுச்சு" என்று விற்கக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவை புதுப் பேட்தான். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதருகே விழும் இடைவெளியால் கீழ்ச்சுருதி இன்னும் சீக்கிரம் கசியும்.

எச்டி 600-இல் பேட் மாற்ற ஒரு நிமிடம் போதும். பேடின் அடிவிளிம்புக்கும் கப்புக்கும் நடுவே நகத்தை விட்டு ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக இழுங்கள். பிளாஸ்டிக் வளையத்தின் சிறு முளைகள் ஒவ்வொன்றாக விடுபடும். உள்ளே மெல்லிய கறுப்புப் பஞ்சுத் தகடு ஒன்று இருக்கும், அதைப் பேடோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டிரைவருக்கு அதுதான் தூசி வடிகட்டி. அதை முதலில் சமமாக வைத்துவிட்டு, புதுப் பேடைப் பொருத்திச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். "டக், டக்" என்று சுற்று முழுக்கக் கேட்க வேண்டும். ஒரு முளை உட்காராமல் விட்டால் அந்தப் பக்கம் காற்று கசியும். இடது காது வலதைவிட மெலிந்து கேட்கும், நீங்கள் ஆம்பைச் சந்தேகிப்பீர்கள்.

மலிவாகக் கிடைக்கும் வேறு கம்பெனிப் பேடுகள் சில நன்றாகவே தைத்திருக்கும். ஆனால் பஞ்சின் உயரம் 2, 3 மில்லிமீட்டர் மாறினாலும், வெல்வெட்டுக்குப் பதிலாகத் தோல் துணி வந்தாலும் ஒலி மாறும். மாறியது பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எச்டி 600-இன் ஒலி இல்லை.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம், தேங்காய் எண்ணெய். குளித்துவிட்டு எண்ணெய் தடவிய தலையோடு ஹெட்ஃபோனை மாட்டினால் வெல்வெட் பேடும் ஹெட்பேண்ட் பஞ்சும் எண்ணெயைக் குடித்து, தூசியைப் பிடித்து, அப்பளம் மாதிரி விறைத்துவிடும். வெல்வெட் பேடைக் கழுவலாம். கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு சொட்டு ஷாம்பு விட்டு, பிழியாமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். முறுக்கினால் வளையத்தோடு ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். நுரை போகும் வரை அலசி, டவலில் வைத்து அழுத்தி, நிழலில் காயப் போடுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள், ஐப்பசி மழையில் ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள். வெளியே காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைப் பிடிக்காதீர்கள், சூட்டில் பசை இளகும்.

தோல் மாதிரி இருக்கும் செயற்கைப் பேடுகளுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அவற்றை ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மேல்பூச்சு சீக்கிரம் வெடிக்கும். அந்தப் பேடுகள் உரிந்து, கறுப்புச் செதில்களாகக் காதில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உபயோகம் மட்டுமல்ல, காற்றில் உள்ள ஈரம். பாலியூரித்தேன் நீராவிபட்டு மெல்லச் சிதைகிறது. சென்னை, நாகை, கொழும்பு மாதிரி கடலோர ஊரில் டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் சிதையும். ஆகவே சலுகை விலையில் நாலு ஜோடி வாங்கி பீரோவில் அடுக்குவது வீண். ஒரு ஜோடி போதும். அதையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

அடுத்தது கேபிள். ஒரு பக்கம் கேட்கவில்லை, அல்லது விட்டு விட்டுக் கேட்கிறது. இங்கே எச்டி 600 ஒரு பெரிய உதவி செய்கிறது. இரண்டு கப்பிலும் கேபிள் தனித்தனியாகச் செருகுகிறது, இரண்டு முனைகளும் ஒரே வடிவம். ஒரு பின் தடிமன், மற்றது மெலிசு, அதனால் தலைகீழாகச் செருக முடியாது. ஆனால் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகலாம். மாற்றிச் செருகிப் பாருங்கள். ஊமைப் பக்கம் இடம் மாறினால் பழுது கேபிளில். மாறாமல் அதே கப்பில் நின்றால் டிரைவரிலோ அதன் சாக்கெட்டிலோ. பத்து விநாடிச் சோதனை. இதைச் செய்யாமலே டிரைவருக்கு ஆர்டர் போடுகிறவர்கள் நிறைய.

சாக்கெட்டில் கரகரப்பு என்றால் முதலில் பின்னை ஐந்தாறு முறை செருகி எடுங்கள். உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடு தேய்ந்து போகும். போகாவிட்டால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் பின்னைத் துடையுங்கள். ஸ்ப்ரேயைக் கப்புக்குள் அடிக்கவே கூடாது. அது டிரைவரின் மென்படலத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பழுது கேபிளில்தான் என்று தெரிந்தால், பெரும்பாலும் அது 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் கழுத்தில் இருக்கும். பாட்டை ஓடவிட்டு அந்த இடத்தை லேசாக வளையுங்கள். ஒலி போய்ப் போய் வந்தால் அதேதான். புதுக் கேபிள் வாங்குவது ஒரு வழி. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் ஒரு பிளக்கின் விலையில் முடியும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பிளக், ஈயக்கம்பி, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) எல்லாம் ஒரே கடையில் எடுத்துவிடலாம். எச்டி 600-இன் நீள்வட்டப் பேடை மட்டும் அங்கே தேடி அலையாதீர்கள்.

பழைய பிளக்குக்கு 5 சென்டிமீட்டர் மேலே கேபிளை வெட்டுங்கள். புதுப் பிளக்கின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் இப்போதே கேபிளில் கோத்துவிடுங்கள். பற்றவைத்து முடித்த பிறகுதான் எல்லாருக்கும் மூடி ஞாபகம் வரும். வெளியுறையை 15 மில்லிமீட்டர் அளவுக்கு உரித்தால் நாலு இழைக் கட்டு தெரியும். இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு. இங்கேதான் புதியவர்கள் மாட்டுவார்கள். இழைகள் பளபளவென்று செம்பாகவோ பச்சை, சிவப்பாகவோ இருக்கும், ஆனால் ஒவ்வொரு மயிரிழை மீதும் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. ஈயம் அதன் மேல் உருண்டு ஓடுமே தவிர ஒட்டாது. ஒட்டியது போல் தெரிந்தாலும் உள்ளே மின்தொடர்பு இருக்காது. கத்தியால் சுரண்டினால் இழைகள் அறுந்துபோகும். அயர்னை 380 முதல் 400 டிகிரி வரை சூடாக்கி, நுனியில் ஈயத்தை ஒரு முத்தாகத் திரட்டுங்கள். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), 0.8 மில்லிமீட்டர் என்றால் வசதி. இழைக் கட்டின் நுனியை அந்த முத்துக்குள் விட்டு மூன்று நாலு விநாடி பிடியுங்கள். லேசாகப் புகை வரும், வார்னிஷ் எரிகிறது. பிறகு ஈயம் சட்டென்று இழைக்குள் ஏறும். நுனி முழுக்க வெள்ளியாக மாறினால் சரி, கறுப்புத் திட்டு இருந்தால் இன்னொரு முறை. நடுவில் நூல் மாதிரி ஒன்று ஓடும், அது கேபிளின் பலத்துக்கு. அதைப் பற்றவைக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி விடுங்கள், இல்லாவிட்டால் ஈயத்துக்குள் கருகிக் கிடக்கும்.

நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். மல்ட்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, கப்பில் செருகும் முனையின் ஒவ்வொரு பின்னிலிருந்தும் எந்த இழைக்குச் சத்தம் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பின் எந்தப் பின் எர்த் (சிக்னல் திரும்பிப் போகும் கம்பி) என்பதை அறுந்த பழைய பிளக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம், அதனால் அதை வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். பிளக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிக் குழாயில் இரண்டு எர்த்தும் சேர்த்து. பிளாஸ்டிக் இளகாமல் இருக்க, பிளக்கைப் பழைய சாக்கெட் ஒன்றில் செருகி வைத்துப் பற்றவையுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு அளவு. ஹெட்ஃபோனைக் கேபிளில் செருகி, பிளக்கின் நுனிக்கும் அடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். சுமார் 300 வர வேண்டும். வளையத்துக்கும் அடிக்கும் அதே 300. நுனிக்கும் வளையத்துக்கும் சுமார் 600, ஏனென்றால் இரண்டு டிரைவரும் எர்த் வழியாகத் தொடராக நிற்கின்றன. பூச்சியத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஈயம் வழிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. எண்ணே வராவிட்டால் வார்னிஷ் எரியவில்லை. மீட்டர் முனை படும்போது காதுக்குள் 'டிக்' என்று கேட்பது சாதாரணம்.

நாலு இழை தனித்தனியாக வருவதால் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் எர்த் தனித்தனியாக இருக்கும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு பிளக் வேண்டுமானால் ஹெட்ஃபோனைத் தொடாமலே, கேபிள் நுனியை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவது பழுதைக் கேட்டால் சிரிப்பு வரும். முடி. ஒரு பக்கம் மட்டும், சில தாழ்ந்த சுரங்களில் மட்டும், ஈ மாட்டிக்கொண்ட மாதிரி 'ஸ்ஸ்ர்' என்று அதிரும். வேறெங்கும் எந்தக் குறையும் இருக்காது. டிரைவர் கிழிந்துவிட்டது என்று நினைத்துப் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள். தலையிலிருந்து உதிர்ந்த ஒரு சின்ன முடி, பஞ்சுத் தகட்டைத் தாண்டிப் போய், டிரைவர் துளைக்குள் விழுந்து மென்படலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். படலம் அதிரும்போது முடியும் அதிரும்.

பேடையும் பஞ்சுத் தகட்டையும் எடுத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கப்பை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத முடி, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் இரண்டு முறை மெதுவாக ஊதினால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் கவிழ்த்தபடியே 30 ஹெர்ட்ஸ் தொனியைத் தாழ்ந்த ஒலியில் ஓடவிடுங்கள். படலமே முடியை உதறித் தள்ளும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று வேண்டாம், படலத்தின் குவிமாடம் உள்வாங்கிவிடும். வாக்யூம் கிளீனர் வேண்டவே வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

எடுத்தே தீர வேண்டும் என்றால் மூங்கில் பல்குச்சியோ பிளாஸ்டிக் இடுக்கியோ மட்டும். இரும்பு இடுக்கியை அருகே கொண்டு போகாதீர்கள். டிரைவருக்குள் இருப்பது வலுவான காந்தம், கடைசி 1 சென்டிமீட்டரில் இடுக்கி உங்கள் கையை மீறிச் சடாரென்று உள்ளே பாயும். படலம் ஓட்டை. முடியால் சாகாத டிரைவர் இடுக்கியால் செத்தது என்பது இந்தப் பழுதின் வழக்கமான முடிவு.

இந்த அதிர்வைக் கண்டுபிடிக்கத் தம்புராவைப் போட்டுப் பார்ப்பார்கள் சிலர். தம்புராவே ரீங்கரிக்கிற வாத்தியம், அதில் பழுதை எங்கே தேடுவது? தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) விழும் கும்கி என்ற வழுக்கல் ஒலி இதற்கு நல்ல சோதனை. வழுக்கிக்கொண்டே ஏறும் அந்தத் தாழ்ந்த சுருதி, மாட்டிக்கொண்ட முடியை எங்காவது ஓரிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் தொனி. வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.

பஞ்சுத் தகடும் பத்து வருடத்தைத் தாண்டினால் உதிரத் தொடங்கும். தொட்டால் கறுப்பு மாவு. அது டிரைவருக்குள் விழும்முன் மாற்றிவிடுங்கள். மாற்றாகக் கண்ட ஸ்பாஞ்சை வெட்டி வைக்காதீர்கள். அந்தப் பஞ்சு எவ்வளவு காற்றை விடுகிறது என்பதும் ஒலியில் சேர்த்தி. அடர்த்தியான பஞ்சு வைத்தால் மேல்சுருதி மங்கும். புதுப் பேட் வாங்கும்போது தகடும் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஹெட்பேண்டில் வருவது விரிசல். எச்டி 600 புதிதாக இருக்கும்போது தலையை இறுக்கிப் பிடிக்கும். பிடியைத் தளர்த்த, இரண்டு கப்பையும் பிடித்து வில் மாதிரி வெளியே இழுப்பார்கள். தவறு. அந்த விசை முழுக்கப் கப்பைத் தாங்கும் பிளாஸ்டிக் கவையும் பட்டையும் சேரும் மூலையில் போய் விழும், மயிரிழை விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கப்புகளைக் கடைசி நிலைவரை கீழே இழுத்து, வெளியே தெரியும் எஃகுப் பட்டையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். ஒரு முறை நிமிர்த்து, போட்டுப் பார், மறுபடி நிமிர்த்து. ஒரேயடியாகத் தளர்த்திவிட்டால் பேட் கன்னத்தில் ஒட்டாது, கீழ்ச்சுருதி போய்விடும். விரிசல் விழுந்த பட்டையை எப்பாக்சி போட்டு ஒட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். புதுப் பட்டை கிடைக்கிற மாடலுக்கு அந்த மெனக்கெடல் எதற்கு?

ஒரு பக்கம் சற்று மெலிந்து கேட்கிறது என்ற புகாருக்கு முதல் சோதனை, ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டுவது. மெலிந்த பக்கம் மற்றக் காதுக்குப் போனால் பழுது ஹெட்ஃபோனிலோ அதற்கு முன்னாலோ. அதே காதில் நின்றால், பாட்டைத் திட்டுவதை விட்டுவிட்டு ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள், பாதி நேரம் குரும்பிதான். அனலாக் வால்யூம் குமிழ் உள்ள ஆம்புகளில் குமிழின் தொடக்கத்தில் இடது வலது சமமாக இருக்காது. அங்கே வைத்துச் சோதிக்காதீர்கள். உண்மையிலேயே ஒரு டிரைவர் போயிருந்தால் முடிந்தவரை இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதுசும் பழசும் அளவில் ஒத்துப்போகாவிட்டால் குரல் நடுவிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

பேயர்டைனமிக்கின் டிடி 770, 880, 990 வரிசையும் பிரித்துச் சேர்க்கலாம். ஆனால் பெரும்பாலான பதிப்புகளில் கேபிள் இடது கப்புக்குள் நேராகப் பற்றவைத்தது. கேபிள் போனால் கப்பைத் திறந்தாக வேண்டும். வலது பக்கத்துக்கான மெல்லிய கம்பிகள் ஹெட்பேண்ட் வழியாகப் போகின்றன, கப்பைத் தூக்கும்போது அவை இழுபட்டால் புது வேலை சேரும். பலர் அந்த ஓட்டையிலேயே 3 பின் மினி எக்ஸ்எல்ஆர் சாக்கெட் வைத்துவிடுகிறார்கள். நல்ல வேலை, ஒருமுறை செய்தால் போதும். அந்தப் பேடுகளைப் பொருத்துவது தலையணைக்கு உறை மாட்டுவது மாதிரி: விளிம்பை ஒரு இடத்தில் நுழைத்து, பழைய ஏடிஎம் கார்டை நெம்பாக வைத்துச் சுற்றி வர வேண்டும்.

எச்இ-6 போன்ற பிளானர் (தட்டையான பெரிய படலம் கொண்ட) வகையில் படலத்தின் மேலேயே மெல்லிய மின்தடம் ஒட்டியிருக்கும். அது உரிந்தால் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை, கம்பெனிக்குத்தான் போக வேண்டும். அதனால் பிளானர் வாங்குபவர் வாரன்டி எத்தனை வருடம், சர்வீஸ் இந்தியாவிலா வெளிநாட்டிலா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் போக வரச் செலவும், திரும்ப வரும்போது சுங்கத்தில் "இது பழுது பார்த்து வருவது" என்று காட்ட ஆவணங்களும் உங்கள் பாடு. காதில் மாட்டும்போது கப்பைத் தப்பென்று அமுக்காதீர்கள். பெரிய படலம், அடைபட்ட காற்று அதைத் தள்ளும்.

ஸ்டாக்ஸ் கம்பெனியுடையது போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் (நிலைமின்விசையால் படலத்தை அசைக்கும்) வகையைத் தனியே ஒரு பதிவில்தான் பேச முடியும். இன்றைய ஸ்டாக்ஸ் மாடல்களில் படலத்துக்கு 580 வோல்ட் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஈரமும் தூசியும் அதற்கு எதிரி, ஒரு பக்கம் ஒலி குறைவது வழக்கமான அறிகுறி. செருகி இருக்கும்போது திறக்காதீர்கள் என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

பழசு வாங்குபவருக்கு: விற்பவரிடம் பேடின் பக்கவாட்டுப் படம் கேளுங்கள், மேலிருந்து எடுத்த அழகுப் படம் அல்ல. அமுக்கம் பக்கவாட்டில்தான் தெரியும். ஹெட்பேண்டின் இரு மூலைகளையும் வெளிச்சத்தில் எடுத்த படம் இன்னொன்று. நேரில் பார்த்தால் மல்ட்டிமீட்டரை எடுத்துப் போங்கள், இரண்டு பக்கத்து ஓமும் சில எண்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் தொனி, கேபிள் மாற்றிச் செருகும் சோதனை. பேரம் பேசும்போது ஒரு ஜோடி பேட், ஒரு கேபிள் விலையைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். எப்படியும் அதை நீங்கள்தான் வாங்கப் போகிறீர்கள். ஒரு பக்கம் அதிர்கிறது என்று விலை குறைத்து விற்பவரிடம் முடியைப் பற்றி வாய் திறப்பதும் திறக்காததும் உங்கள் மனசாட்சி.

கேபிளைப் பிரித்துப் பற்றவைத்தவர்களுக்குக் கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, ஏனென்றால் மல்ட்டிமீட்டர் காட்டாத தவறு ஒன்று உண்டு. ஒரு பக்கத்தின் சிக்னல் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறிப் பற்றியிருந்தாலும் ஓம் அதே 300-தான் வரும். இரண்டு பக்கமும் பாடும். ஆனால் ஒரு டிரைவர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். மோனோவில் ஒரு தனிக்குரலைப் போடுங்கள், பழைய வானொலிப் பதிவு ஏதாவது இருந்தால் வசதி. குரல் தலைக்கு நடுவில் ஒரே புள்ளியில் நின்றால் வேலை முடிந்தது, மூடியைத் திருகலாம். நடுவில் ஒன்றுமில்லாமல், இரு காதுக்கும் வெளியே பரவி, கீழ்ச்சுருதி உள்ளீடற்றுக் கேட்டால் அயர்னை மறுபடி சூடாக்குங்கள். ஒரு பக்கத்து இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றி வைத்தால் குரல் நடுநெற்றிக்குத் திரும்பிவிடும்.